மூத்த பிள்ளைக்கு பிராம்ல ஒரு 'ஃபுட்போர்டு'... வாங்கலாமா, எங்கே ஓட்டலாம்?

போகும்போது மூணு வயசு மூத்தது துள்ளிக்கிட்டு முன்னாடி ஓடும். திரும்பி வரும்போது பாதி வழியிலேயே 'அம்மா, கால் வலிக்குது... தூக்கு'ன்னு உட்கார்ந்துடும். பிராமில் கைக்குழந்தை, இடுப்பில் 14 கிலோ பிள்ளை, தோளில் பை. இரண்டு பிள்ளைகளுக்கும் இடையில் இரண்டு, மூன்று வருட இடைவெளி இருக்கிற வீடுகளில் இது தினசரி நடக்கிற கதை.

இதற்கென்றே வந்ததுதான் 'ரைடு ஆன் போர்டு'. பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால், விளம்பர வீடியோவில் அது உருள்வது வழுவழுப்பான நடைபாதையில். நீங்கள் இருப்பது மூங்கில்துறைப்பட்டு மாதிரி ஓர் ஊராக இருந்தால்? ஆர்டர் போடுவதற்கு முன்பு இதைப் படிச்சுடுங்க.

அது என்ன போர்டு?

சின்னச் சக்கரங்கள் வைத்த ஒரு பலகை. பிராமின் பின்பக்க அச்சிலோ, சட்டத்திலோ இதை மாட்டிவிடலாம். மூத்த பிள்ளை அதன் மேல் ஏறி, உங்களுக்கும் பிராமுக்கும் நடுவில் நின்றுகொண்டு வரும். சில மாடல்களில் உட்கார்ந்துகொள்ள ஒரு குட்டி சீட்டும் உண்டு. வேண்டாதபோது போர்டைக் கழற்றிவிடலாம். சில மாடல்களை மேலே தூக்கி வாரில் மாட்டியும் வைக்கலாம்.

ஒரு விஷயத்தை ஆரம்பத்திலேயே புரிஞ்சுக்கணும். இது பிள்ளையை வீட்டிலிருந்து வீடுவரை சுமக்கிற வண்டி இல்லை. நடக்கிற பிள்ளை களைத்துப்போகும்போது அந்தக் கடைசிக் கொஞ்ச தூரத்தைக் கடக்க உதவுகிற பொருள்.

உங்க பிள்ளைக்கு சரியா வருமா?

பொதுவாக 2 வயதுக்கு மேல்தான். வயதைவிட முக்கியம், ஆடாமல் நிற்கத் தெரியணும், இரண்டு கையாலும் பிடிச்சுக்கணும், 'இறங்கு'ன்னா இறங்கணும். இந்த மூன்றும் வராத பிள்ளைக்கு இன்னும் ஆறு மாதம் பொறுக்கலாம்.

அடுத்தது எடை. பல போர்டுகளின் வரம்பு 20 கிலோவை ஒட்டி இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி 3 வயது ஆண் குழந்தையின் நடுத்தர எடை 14.3 கிலோ, பெண் குழந்தைக்கு 13.9 கிலோ. 5 வயதில் இது சுமார் 18 கிலோ. ஆக, 3 வயதில் வாங்கினால் இரண்டு வருடம் ஓடும். 4 வயதுக்கு மேல் வாங்கினால் சீக்கிரமே பரணுக்குப் போயிடும்.

முதலில் பிராமைப் பாருங்க

'எல்லா பிராமுக்கும் பொருந்தும்' என்று பெட்டியில் போட்டிருந்தாலும் அப்படியே நம்பிட வேண்டாம்.

* பின்சக்கரங்களை இணைக்கிற அச்சு அல்லது குறுக்குக் கம்பி இருக்கா? குடை மாதிரி மடக்குகிற லேசான ஸ்ட்ரோலர்கள் பலவற்றில் போர்டை மாட்ட இடமே இருக்காது.
* மாட்டிய பிறகு பிரேக்கைக் காலால் மிதிக்க முடியுதா? போர்டு அதை மறைத்தால் அந்த ஜோடி வேண்டாம்.
* பிராமின் கையேடு என்ன சொல்கிறது? வேறு கம்பெனி போர்டை மாட்டினால் வாரன்டி செல்லாது என்று சில நிறுவனங்கள் சொல்கின்றன. உங்கள் பிராம் கம்பெனியே போர்டு விற்றால் அதுதான் முதல் சாய்ஸ்.
* தள்ளுகிறவர் எவ்வளவு உயரம்? எட்டி நடக்கும்போது முழங்காலுக்குக் கீழே போர்டு இடிக்கும். கையைக் கொஞ்சம் நீட்டி, அடியைச் சுருக்கி நடக்கப் பழகணும்.

பெட்டியில் 'இ.என். 1888' என்ற எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிராம், ஸ்ட்ரோலர்களுக்கான ஐரோப்பியப் பாதுகாப்புத் தரத்தின் எண் அது.

மூங்கில்துறைப்பட்டில் எங்கே ஓட்டலாம்?

போர்டு தரமானதா என்பதைவிட, அது உருளப்போகிற தரை எப்படி என்பதுதான் பெரிய கேள்வி. பிராமின் சக்கரம் ஏறிவிடுகிற சின்னக் கல்லில்கூட போர்டின் குட்டிச் சக்கரம் சட்டென்று நின்றுவிடும். வண்டி நிற்கும், மேலே நிற்கிற பிள்ளை முன்னால் சாயும்.

திருவண்ணாமலையையும் சங்கராபுரத்தையும் இணைக்கிற மெயின் ரோடு? கண்டிப்பாக வேண்டாம். அதுவும் கூட்டுறவு சர்க்கரை ஆலையில் அரவை நடக்கிற சீசனில் கரும்பு லோடு ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் வரிசை கட்டும். கரும்பு இரண்டு பக்கமும் நீட்டிக்கிட்டு இருக்கும், ரோட்டில் துண்டுகள் சிதறிக் கிடக்கும். பிராம், போர்டு, பின்னால் நீங்கள் என்று நீளுகிற வரிசை ரோட்டோரத்தில் சட்டென்று ஒதுங்க முடியாது. தென்பெண்ணை ஆற்று மணலுக்கும் கல்வராயன் மலையின் ஏற்ற இறக்கத்துக்கும் இதே பதில்தான்.

வண்டி நடமாட்டம் குறைந்த, சமமான சிமென்ட் தெரு, பள்ளி மைதானத்தின் சிமென்ட் தளம், மண்டபத்தின் வளாகம், ஷாப்பிங் மால் எல்லாம் ஓகே. சாத்தனூர் அணைப் பூங்காவுக்குப் போனால் சமமான பாதையில் மட்டும் ஏற்றுங்கள், படி வந்தால் இறக்கிவிடுங்கள்.

திருவண்ணாமலை கிரிவலத்துக்குக் கொண்டுபோகலாமா என்று ஒரு யோசனை வரும். பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமி கூட்டத்தில் வேண்டவே வேண்டாம். சாதாரண நாளில், காலை வேளையில், நல்ல நடைபாதை உள்ள பகுதியில் கொஞ்ச தூரம் என்றால் சரி. ஆனால், கிரிவலத்தில் வெறுங்காலோடு நடப்பதுதான் நம்ம வழக்கம். போர்டில் நிற்கும் பிள்ளையின் கால்விரல்கள் பிராமின் பின்சக்கரத்துக்கு வெகு பக்கத்தில் இருக்கும். அதனால் பிள்ளை போர்டில் ஏறினால் காலில் ஷூ இருந்தே ஆகணும்.

கணக்கு போட்டுப் பாருங்க

பிராம் 10 கிலோ, கைக்குழந்தை 7 கிலோ, மூத்தது 14 கிலோ. மொத்தம் 31 கிலோ. சமதளத்தில் தெரியாது. இறக்கத்தில் கை வழுக்கினால், அந்த 31 கிலோவும் சேர்ந்து ஓடும். அதனால் சரிவு வந்தால் மூத்ததை இறக்கி நடக்கவிடுங்கள்.

கைப்பிடியில் காய்கறிப் பையை மாட்டுவது இன்னொரு ஆபத்து. பையும் தொங்கி, பிள்ளையும் கைப்பிடியைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தால் பிராமின் முன்பக்கம் தூக்கிடும். கைக்குழந்தை சின்னதாக இருக்கும்போது முன்னால் எடை இல்லாததால் இது சுலபமாக நடந்துவிடும். பையை பிராமின் அடிக்கூடையில் வையுங்கள். கைக்குழந்தைக்கு பெல்ட் எப்போதும் போட்டிருக்கட்டும்.

நிறுத்தும்போது முதலில் பிரேக், அப்புறம்தான் பிள்ளை இறங்கணும். ஏறும்போதும் பிரேக் போட்ட பிறகே ஏறணும். எஸ்கலேட்டர் வேண்டாம், லிஃப்ட்தான்.

மூத்ததுக்குக் கண்டக்டர் வேலை

தம்பி, தங்கை வந்ததும் மூத்தது முதலில் இழப்பது அம்மா மடியை, அடுத்தது தன்னோட பிராமை. 'அது என் வண்டி'ன்னு அழுவது வெறும் பிடிவாதம் இல்லை. போர்டு அந்த வண்டியில் அதற்கு ஓர் இடத்தைத் திருப்பிக் கொடுக்கிறது.

அதை விளையாட்டாகவே பழக்குங்கள். மூத்ததுதான் கண்டக்டர். அது 'ரைட்... ரைட்' சொன்னால் வண்டி கிளம்பும். நீங்கள் 'ஹோல்டான்' சொன்னால் அசையாமல் நிற்கணும். போர்டில் குதிக்கக் கூடாது, ஒரு காலைத் தரையில் தேய்க்கக் கூடாது. ஒரு வாரம் வீட்டு வாசலிலோ மாடியிலோ ஓட்டிப் பழகிட்டு தெருவுக்குப் போங்க.

வாங்காமலே சமாளிக்கலாமா?

தாராளமாக. மூத்ததை பிராமில் உட்காரவைத்து, கைக்குழந்தையை பேபி கேரியரில் நெஞ்சோடு கட்டிக்கொள்ளலாம். குழந்தையின் முகம் உங்களுக்குத் தெரியணும், தாடை அதன் நெஞ்சில் அழுந்தாமல் இருக்கணும், அவ்வளவுதான். மேடு பள்ளமான தெருக்களுக்கு போர்டைவிட இதுவே நல்லது. பிராமில் அதன் எடை வரம்பை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாரத்தில் எத்தனை நாள், எந்தத் தெருவில் பிராமைத் தள்ளுகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அதில் பாதியாவது சமமான, வண்டி அதிகம் வராத பாதை என்றால் போர்டு வாங்குங்கள். இல்லையென்றால் அந்தக் காசுக்கு ஒரு நல்ல கேரியர் வாங்கிடுங்க.