இருட்டறையிலிருந்து லேயர் வரை

1850களில் எடுத்த நிழற்படங்களில் வானம் பெரும்பாலும் வெளிறிப்போய்த்தான் விழுந்தது. கண்ணாடித் தகட்டில் பூசிய கொலோடியன் என்ற ஒளியுணர் பூச்சு நீல ஒளியை மிகையாக வாங்கியதே காரணம். பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று என இரு நெகட்டிவ்களை எடுத்து ஒரே தாளில் அச்சிட்டார். 1857இல் ஆஸ்கர் ரெய்லாண்டர் ஏறத்தாழ முப்பது நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே காட்சியை அமைத்தார். இது புகைப்படம்தானா என்று சர்ச்சை கிளம்பியது. விக்டோரியா அரசியோ ஒரு பிரதியை வாங்கிக்கொண்டார்.

கணினியில் இந்த வேலை வெறும் கணக்கு. 1984இல் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் படங்களை அடுக்கும் விதிகளை வகுத்தனர். படங்களைத் திருத்தும் மென்பொருளான போட்டோஷாப் 1990இல் வந்தது. படங்களைத் தனித்தனி அடுக்குகளாக வைத்திருக்கும் லேயர் வசதி அதில் 1994இல் சேர்ந்தது. அதன்பின் ஓர் அடுக்கு கீழுள்ள படத்தோடு கலக்கும் முறையை எப்போது வேண்டுமானாலும் மாற்றிப் பார்க்கலாம் என்றானது. உண்மையான விடுதலை அதுதான்.

கறுப்பு 0, வெள்ளை 1 என்று கொண்டால், ‘மல்டிப்ளை’ என்ற கலப்பு முறை இரு படங்களின் மதிப்புகளையும் பெருக்குகிறது. 0.5ஐ 0.5ஆல் பெருக்கினால் 0.25, படம் இருள்கிறது. 1ஆல் பெருக்கினால் எதுவும் மாறாது. அதனால்தான் ஸ்கேன் செய்த கோட்டோவியத்தின் வெள்ளைத் தாள் மறைந்து, மைக்கோடு மட்டும் அடிப்படத்தின் மேல் நிற்கிறது. ‘ஸ்க்ரீன்’ இதற்கு நேர்மாறு: கறுப்பு கரைந்துவிடும். இரவு வானத்து வாணவேடிக்கையை வேறொரு படத்தில் சேர்க்க அதுவே போதும்.

2001இல் வெளியான பிடிஎஃப் கோப்பு வடிவத்தின் 1.4 பதிப்பும் இக்கலப்பு முறைகளை ஏற்றுக்கொண்டது.