சுவாதித் திருநாளும் திருவனந்தபுரம் வானாய்வு நிலையமும்

சுவாதித் திருநாள் ராமவர்மா (1813–1846) திருவிதாங்கூரை ஆண்ட மன்னர். இசை வரலாற்றில் கீர்த்தனை ஆசிரியராக நிலைபெற்ற இவர், தம் 24ஆம் வயதில் ஒரு வானாய்வு நிலையத்தையும் நிறுவினார். அக்காலத்தில் நாஞ்சில் நாடு திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. அஞ்சுகிராமம் அடங்கிய அகஸ்தீஸ்வரம் வட்டம் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு இணைந்தது.

இளமையும் கல்வியும்

தாய் கௌரி லட்சுமிபாய் அரசியாக ஆண்டுகொண்டிருந்தபோது பிறந்தவர் சுவாதித் திருநாள். 1815இல் தாய் மறைந்ததும், சிற்றன்னை கௌரி பார்வதிபாய் ஆட்சிப் பொறுப்பை ஏற்றுக் குழந்தையையும் வளர்த்தார். மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்கவேண்டும் என 1817இல் ஆணையிட்டவர் இந்தச் சிற்றன்னையே.

இளவரசருக்கு ஆசிரியராகத் தஞ்சாவூர் சுப்பாராவ் அமர்த்தப்பட்டார். 1825இல் அரண்மனைக்கு வந்த கர்னல் வெல்ஷ், பன்னிரண்டு வயதுச் சிறுவன் யூக்ளிடின் 47ஆம் தேற்றத்தை, அதாவது செங்கோண முக்கோணத் தேற்றத்தை, படம் வரைந்து நிறுவிக் காட்டியதைத் தம் நூலில் வியந்து எழுதியுள்ளார். 1829இல், பதினாறாம் வயதில், இளவரசர் ஆட்சிப் பொறுப்பை நேரடியாக ஏற்றார்.

நிலையம் உருவான விதம்

ஆலப்புழையில் அரசின் வணிக முகவராக இருந்த ஜான் கால்டெகாட் சொந்தக் கருவிகளைக்கொண்டு வானை ஆராய்ந்துவந்தார். அரசே ஒரு நிலையம் அமைக்கலாம் என்ற யோசனை ரெசிடெண்ட் பிரேசர் வழியாக மன்னரிடம் வந்தபோது, அவர் மகிழ்வுடன் ஒப்புக்கொண்டார். 1837இல் திருவனந்தபுரத்தில் ஒரு குன்றின்மேல் நிலையம் எழுந்தது. கால்டெகாட் அதன் முதல் இயக்குநரானார். 1838 இறுதியில் ஐரோப்பா சென்ற அவர், புதிய கருவிகளோடு 1841இல் திரும்பினார்.

இடத்தின் சிறப்பு

அப்போது உலகின் பல பகுதிகளில் புவிக்காந்தத்தை ஒரே முறையில் அளக்கும் முயற்சி நடந்துவந்தது. தடையின்றித் தொங்கவிடப்பட்ட காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் கிடைமட்டமாக நிற்கும் இடங்களை இணைக்கும் கோடு காந்த நடுக்கோடு எனப்படும். திருவனந்தபுரம் இக்கோட்டிற்கு மிக அருகில் இருந்ததால், இங்கு எடுக்கப்படும் அளவுகளுக்குத் தனி மதிப்பு இருந்தது.

ஆனால் இதன் பயனைக் காண மன்னர் இருக்கவில்லை. 1846 டிசம்பரில், 33ஆம் வயதில் காலமானார். 1849இல் கால்டெகாட்டும் இறந்தார். எனினும் நிலையம் மூடப்படவில்லை. அடுத்த மன்னர் உத்திரம் திருநாள் காலத்தில் ஸ்காட்லாந்து அறிஞர் ஜான் ஆலன் பிரௌன் 1852இல் பொறுப்பேற்றார். உயரம் மாறினால் காந்த அளவு எவ்வாறு மாறுகிறது என அறிய, யானைகள் நடமாடும் காடுகளைக் கடந்து, அகத்தியமலையிலும் 1855இல் ஒரு நிலையம் அமைத்தார்.

புவிக்காந்தத்தின் ஏற்ற இறக்கம் உலகெங்கும் ஒரே காலத்தில் நிகழ்கிறது என்பதையும், அதில் சுமார் 26 நாள் சுழற்சி உண்டு, அது சூரியன் தன்னைத்தானே சுற்றுவதோடு தொடர்புடையது என்பதையும் பிரௌன் எடுத்துக்காட்டினார். 1852 முதல் 1869 வரையிலான காந்த அளவீடுகள் 1874இல் லண்டனில் நூலாக வெளிவந்தன.

கொரியாவில் ஓர் ஒப்புமை

பழங்காலக் கொரியாவின் சில்லா நாட்டை 632 முதல் 647 வரை சொந்தோக் என்ற அரசி ஆண்டார். தலைநகர் கியோங்ஜுவில் அவர் காலத்தில் எழுந்ததாகக் கருதப்படும் சொம்சொங்தே என்ற சுமார் 9 மீட்டர் உயரக் கற்கோபுரம் இன்றும் நிற்கிறது. அதன் பெயருக்கு 'விண்மீன் நோக்கும் மேடை' என்று பொருள்.

மதிப்பீடு

ஆள்பவரின் ஆர்வம் பெரும்பாலும் அவரோடே மறைந்துவிடும். சுவாதித் திருநாளின் வானியல் ஆர்வம் அவ்வாறு மறையாததற்குக் காரணம், அது கட்டடமாகவும் கருவியாகவும் நாள்தோறும் குறிக்கப்படும் கணக்காகவும் மாறியதே. அவருடைய கீர்த்தனைகளைப் பாடுவோர் பலர்; இந்தப் பணியை அறிந்தோர் சிலரே. திருவனந்தபுரம் நிலையம் இன்று கேரளப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் உள்ளது.