யாரையும் தண்டிக்காத சட்டம்: பிரிட்டனின் பிரிவு 28

ஒரு சட்டத்தைப் பற்றி எழுதச் சொன்னால் மாணவர்கள் பெரும்பாலும் மூன்று செய்திகளை எழுதிவிடுவார்கள்: எந்த ஆண்டு வந்தது, யார் கொண்டுவந்தார், எப்போது நீக்கப்பட்டது. இதற்கே கொஞ்சம் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் அந்தச் சட்டம் மனிதர்களை என்ன செய்தது என்று எழுதும்போதுதான் கட்டுரைக்கு உயிர் வரும். இதைப் பழகிக்கொள்ள நல்ல எடுத்துக்காட்டு பிரிட்டனின் ‘பிரிவு 28’. இங்கிலாந்தில் அது 15 ஆண்டுகள் நடப்பில் இருந்தது. அதன்கீழ் ஓர் ஆசிரியர்கூடத் தண்டிக்கப்படவில்லை. ஆனாலும் ஒரு தலைமுறை ஆசிரியர்கள் வகுப்பறையில் வாய் திறக்கப் பயந்தார்கள். அது எப்படி?

சொல் விளக்கம் ஒன்று. ஆணுக்கு ஆண்மீதும் பெண்ணுக்குப் பெண்மீதும் ஈர்ப்பு உள்ளவர்களைத் ‘தன்பாலீர்ப்பாளர்’ என்று இக்கட்டுரை குறிப்பிடுகிறது. ஆங்கிலச் சுருக்கத்தில் ‘எல்ஜிபிடி’ என்று சொல்லும்போது திருநரும் அதில் அடங்குவர். பிரிவு 28 குறிவைத்தது தன்பாலீர்ப்பை.

முன்கதை

1885ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் ஒன்று, ஆண்களுக்கிடையிலான உறவை, அது நான்கு சுவருக்குள் நடந்தாலும், குற்றமாக்கியது. 1957இல் உல்ஃபெண்டன் குழு, தனிமையில் வயது வந்தோர் இருவர் மனமொத்து நடந்துகொள்வதைக் குற்றமாகக் கருதக்கூடாது என்று பரிந்துரைத்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 1967இல், தொழிற்கட்சி ஆட்சியில் அது சட்டமானது. இருவருக்கும் 21 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த மாற்றத்தை ஆதரித்து வாக்களித்த கன்சர்வேட்டிவ் (பழமைவாதக்) கட்சி உறுப்பினர்கள் சிலரே. அவர்களில் ஒருவர் மார்கரெட் தாட்சர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1967ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் மட்டும்தான். ஸ்காட்லாந்துக்கு 1980இல்தான் சட்டம் வந்தது. வட அயர்லாந்தில், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1981இல் தீர்ப்புச் சொன்ன பிறகு, 1982இல் மாற்றம் வந்தது. இந்த இரண்டும் நடந்தது தாட்சர் பிரதமராக இருந்த காலத்திலே. ஆகவே விடைத்தாளில் “1967இல் பிரிட்டன் முழுவதும்” என்று எழுதிவிடாதீர்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குற்றம் இல்லை என்பதும் உரிமை உண்டு என்பதும் ஒன்றல்ல. தன்பாலீர்ப்பாளர் என்பதற்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்கினால், அவரைக் காக்க அன்று தனிச்சட்டம் கிடையாது. இராணுவத்தில் அவர்களுக்கு இடமில்லை. அவர்களின் துணையைச் சட்டம் துணையாக ஏற்கவில்லை.

ஒரு சிறுவர் நூலும் ஒரு தேர்தலும்

1980களில் தொழிற்கட்சியின் கையிலிருந்த சில உள்ளூராட்சி மன்றங்கள் தன்பாலீர்ப்பாளர் அமைப்புகளுக்கு நிதி உதவி கொடுத்தன. இதைப் பத்திரிகைகள் கேலி செய்தன. 1986இல் ஒரு சிறுவர் நூல் பெரிய சர்ச்சையானது. தன் தந்தையோடும் அவருடைய ஆண் துணையோடும் வாழும் ஒரு சிறுமியைப் பற்றிய, டென்மார்க்கிலிருந்து வந்த படநூல் அது. லண்டன் கல்வி ஆணையத்தின்கீழ் இருந்த ஆசிரியர் வள நிலையம் ஒன்றில் அதை வைத்திருந்தார்கள். பள்ளிகளில் பிள்ளைகள் எல்லாரும் அதைப் படிக்கிறார்கள் என்பதுபோல் செய்தி பரவியது.

அதே காலத்தில் எய்ட்ஸ் நோய்ப் பயமும் சேர்ந்துகொண்டது. இந்த விஷயத்தில் தாட்சர் அரசாங்கம் ஒளித்து மறைக்கவில்லை. 1987இல் நாட்டின் வீடுகளுக்கெல்லாம் விளக்கத் துண்டுப்பிரசுரம் அனுப்பியது. ஆனால் மக்கள் மனத்தில் நோயும் மனிதர்களும் ஒன்றாகக் கலந்துபோயின. ஜூன் 1987 தேர்தலில் தாட்சர் மூன்றாம் முறை வென்றார். அக்டோபரில் பிளாக்பூலில் நடந்த கட்சி மாநாட்டில், ஒழுக்க நெறிகளைக் கற்க வேண்டிய பிள்ளைகளுக்குத் தன்பாலீர்ப்பு ஓர் உரிமை என்று கற்பிக்கப்படுவதாகக் குறை சொன்னார். டிசம்பரில் கன்சர்வேட்டிவ் உறுப்பினர் டேவிட் வில்ஷையர் உள்ளாட்சி மசோதாவில் திருத்தம் கொண்டுவந்தார். ஜில் நைட் அதை முன்னின்று ஆதரித்தார். 24 மே 1988இல் அது நடப்புக்கு வந்தது.

சட்டம் சொன்னதும் செய்ததும்

பிரிவு 28 சொன்னது இரண்டே விஷயம். ஒன்று, உள்ளூராட்சி மன்றம் வேண்டுமென்றே தன்பாலீர்ப்பை ஊக்குவிக்கக் கூடாது. இரண்டு, அரசாங்க உதவி பெறும் பள்ளிகளில் அதை ஏற்கத்தக்க ஒரு ‘பாவனைக் குடும்ப உறவு’ என்று கற்பிப்பதை ஊக்குவிக்கக் கூடாது.

நிதானமாகப் படித்துப் பாருங்கள். சட்டம் கட்டுப்படுத்தியது உள்ளூராட்சி மன்றத்தைத்தான், ஆசிரியரை அல்ல. பாலியல் கல்வி பற்றி முடிவெடுக்கும் பொறுப்பு 1986ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி பள்ளி நிர்வாகக் குழுவிடம் இருந்தது. வகுப்பில் நடுநிலையாகப் பேசவோ மாணவருக்கு ஆலோசனை சொல்லவோ தடை இல்லை என்று அரசாங்கமே 1988இல் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. சட்டத்தை மீறினால் சிறை என்ற பேச்சே அதில் கிடையாது.

அப்படியானால் ஏன் பயம்? ‘ஊக்குவித்தல்’ என்றால் என்ன என்று சட்டம் விளக்கவில்லை. அதுதான் சிக்கல். மாணவன் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வது ஊக்குவிப்பா? நூலகத்தில் ஒரு நாவலை வைப்பது ஊக்குவிப்பா? கேலிக்கு ஆளாகி அழுகிற பையனிடம் “உன்மேல் ஒரு குறையும் இல்லையப்பா” என்று சொல்வது? எல்லைக்கோடு எங்கே என்று தெரியாவிட்டால், மனிதன் கோட்டுக்குப் பத்தடி தள்ளி நிற்பான். பள்ளிகளும் அதையே செய்தன. சுற்றறிக்கையைப் படித்தவர்கள் குறைவு, பத்திரிகைத் தலைப்பைப் படித்தவர்கள் அதிகம். தன்பாலீர்ப்பாளரான ஆசிரியர்கள் பலர் தங்கள் வாழ்க்கையைச் சக ஆசிரியர்களிடம்கூட மறைத்தார்கள். கேலிப் பேச்சைக் கேட்டும் கேளாததுபோல் நடந்தவர்கள் உண்டு. ஆசிரியரின் மௌனமும் மாணவனுக்கு ஒரு பாடம்தான். கேலி செய்தவனும் அதைக் கற்றான், கேலிக்கு ஆளானவனும் கற்றான்.

எதிர்பாராத விளைவு

ஒடுக்க வந்த சட்டம் ஒன்றுசேர்த்தும் விட்டது. பிப்ரவரி 1988இல் பெண்கள் சிலர் பிரபுக்கள் சபையின் பார்வையாளர் மாடத்திலிருந்து கயிறு கட்டி அவைக்குள் இறங்கினார்கள். அதே மாதம் மான்செஸ்டரில் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள். மே 23 மாலை, பிபிசி செய்தி நேரலையில் போய்க்கொண்டிருந்தபோது பெண்கள் அரங்குக்குள் நுழைந்து எதிர்ப்புக் காட்டினார்கள். நடிகர் இயன் மெக்கெலன் தாம் தன்பாலீர்ப்பாளர் என்பதை அந்த ஆண்டுதான் வானொலியில் வெளிப்படையாகச் சொன்னார். மறுஆண்டு, 1989இல், ‘ஸ்டோன்வால்’ அமைப்பைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர்.

ஒரே கட்சி, ஒரே சொல், இரண்டு முடிவு

தாட்சருக்குப் பின் வந்த ஜான் மேஜர் 1991இல் மெக்கெலனைப் பிரதமர் இல்லத்தில் சந்தித்தார். 1994இல் நாடாளுமன்றம் சம்மத வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்தது. மற்றவர்களுக்கு இருந்ததுபோல் 16 ஆக்கும் முயற்சி அப்போது தோற்றது. 1997இல் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. ஸ்காட்லாந்து 2000இல் தன் சட்டப் புத்தகத்திலிருந்து இந்தப் பிரிவை நீக்கியது. இங்கிலாந்தில் அதே ஆண்டு எடுத்த முயற்சியைப் பிரபுக்கள் சபை முறியடித்தது. கடைசியில் நவம்பர் 2003இல்தான் அது நீங்கியது.

2009இல், கன்சர்வேட்டிவ் கட்சித் தலைவர் டேவிட் கேமரன் பிரிவு 28க்காகப் பொதுவில் மன்னிப்புக் கேட்டார். 2013இல் அவர் பிரதமராக இருந்தபோதே இங்கிலாந்திலும் வேல்சிலும் ஒருபாலினத் திருமணம் சட்டமானது. பிப்ரவரி 5 அன்று மக்கள் சபையில் 400 பேர் ஆதரித்தும் 175 பேர் எதிர்த்தும் வாக்களித்தனர். அவருடைய கட்சிக்குள்ளே ஆதரித்தவர்களைவிட எதிர்த்தவர்கள்தான் அதிகம். மற்றக் கட்சிகளின் கைகொடுப்பால் மசோதா தேறியது.

கேமரன் சொன்ன காரணத்தைப் பாருங்கள். பழமைவாதிகள் குடும்பப் பிணைப்பை மதிப்பவர்கள். அதனாலேயே இதை ஆதரிக்கிறேன் என்றார். 1988இல் சட்டம் கொண்டுவந்தவர்கள் பிடித்துக்கொண்ட சொல்லும் ‘குடும்பம்’தான். ஒரே கட்சி, ஒரே சொல். 25 ஆண்டு இடைவெளியில் முடிவு தலைகீழாக மாறியது.

நமக்கும் ஒரு நூலிழை

1885இல் பிறந்த அந்த ஆங்கிலச் சட்டத்தின் சாயலில்தான் 1938இல் தொடுவாய்க் குடியேற்றங்களின் தண்டனைச் சட்டத்தில் பிரிவு 377ஏ சேர்க்கப்பட்டது. பிறந்த வீட்டில் 1967இல் அது தளர்ந்தது, நம்மிடம் தங்கிவிட்டது. 2007இல் சிங்கப்பூர் அரசாங்கம் அதை வைத்துக்கொண்டே, முனைந்து அமல்படுத்தப் போவதில்லை என்றது. 2022 நவம்பரில் நாடாளுமன்றம் அதை நீக்கியது. திருமணத்தின் பொருளை வரையறுப்பது நாடாளுமன்றத்தின் பொறுப்பே என்று அரசமைப்பிலும் திருத்தம் செய்தது. மலேசியாவின் தண்டனைச் சட்டத்தில் காலனித்துவக் காலத்து 377ஆம் பிரிவின் வழிவந்த விதிகள் இன்றும் உள்ளன.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு

“பழமைவாத ஆட்சி தன்பாலீர்ப்பாளர் உரிமையைப் பறித்தது. விவாதிக்க.” இப்படியொரு கேள்வி வந்தால் உடனே ஆமாம் என்றோ இல்லை என்றோ பாய வேண்டாம். மூன்றைப் பிரித்து எழுதுங்கள்: அரசாங்கம் எதை விரும்பியது, சட்டத்தின் வாசகம் எதைச் சொன்னது, மக்கள் அதை எப்படிப் புரிந்துகொண்டு நடந்தார்கள். பிரிவு 28இல் இந்த மூன்றும் மூன்று திசையில் போயின. 1967இல் ஆதரித்து வாக்களித்த அதே தாட்சரின் ஆட்சியில்தான் 1988ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

தண்டனைக் கணக்கை மட்டும் பார்த்தால் பிரிவு 28 ஒன்றுமே செய்யாத சட்டம். அது செய்த வேலை எந்த நீதிமன்றப் பதிவேட்டிலும் இல்லை. மாணவன் ஒருவன் கேட்காமல் விழுங்கிய கேள்வியிலும், ஆசிரியர் சொல்லாமல் விட்ட பதிலிலும்தான் அது இருந்தது.