சிறுசேமிப்பும் பெருமானியமும்: தாராவி புகட்டும் பாடம்

பொருளின்றிப் பொதுப்பணி நடவாது. பொருள் வந்த காரணத்தாலேயே பொதுப்பணி நடந்துவிடுவதும் இல்லை. ஏழை மக்கள் தாமே கூடி அமைத்த சிறு சங்கங்களுக்கு வெளியார் அளிக்கும் பொருளுதவி எப்போது உரமாகிறது, எப்போது சுமையாகிறது என்பதை அறிய நாம் கடல் கடக்க வேண்டுவதில்லை. அம்பர்நாத்தில் புகைவண்டி ஏறிச் சயானில் இறங்கினால் தாராவி. குர்லாவில் வண்டி மாறி மான்கூர்டு சென்றால் அருகே சீத்தா கேம்ப். இவ்விரு இடங்களின் வரலாற்றிலும் தமிழ் மக்களின் வியர்வை கலந்துள்ளது.

கோலார் தங்கவயலில் தமிழ்க் குடும்பத்தில் 1947ஆம் ஆண்டு பிறந்த ஜோக்கின் அற்புதம், இளமையில் பம்பாய்க்கு வந்து தச்சுத்தொழில் செய்தவர். அவர் வாழ்ந்த மான்கூர்டு ஜனதா காலனியில் குப்பை அள்ளுவார் இல்லை. அவர் சிறுவர்களைத் திரட்டினார். ஆளுக்கொரு பொட்டலமாகக் குப்பையைச் சுமந்து சென்று நகராட்சி அலுவலகத்தின் முன் கொட்டச் செய்தார். அதற்கு ஆன செலவு பழைய செய்தித்தாள் மட்டுமே! 1974இல் குடிசைவாழ் மக்களின் தேசியக் கூட்டமைப்பு தோன்றியது. எனினும் நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதம், ஜனதா காலனி இடிக்கப்பட்டது. மக்கள் சீத்தா கேம்புக்குப் பெயர்க்கப்பட்டனர். ஒற்றுமை மாற்றிடத்தைப் பெற்றுத் தந்தது. வாழ்ந்த இடத்தைக் காத்துத் தர இயலவில்லை.

1984இல் ஸ்பார்க் என்னும் தொண்டு நிறுவனமும், 1986இல் பைக்குலா நடைபாதைவாழ் பெண்களிடையே மகிளா மிலன் என்னும் அமைப்பும் உருவாயின. மூன்றும் கைகோத்தன. வெளியார் தரும் நன்கொடையைச் சட்டப்படி பெற்றுக் கணக்குக் காட்டுவது ஸ்பார்க்கின் பொறுப்பு. மக்களைத் திரட்டுவது கூட்டமைப்பின் கடமை. நாள்தோறும் சில்லறைக் காசைச் சேமித்து, நோய்க்கும் பசிக்கும் கடன் கொடுப்பது பெண்களின் பணி. பதிவுச் சான்றும் தணிக்கைக் கணக்கும் இல்லாத சிறு குழுவுக்கு எந்த அறக்கட்டளையும் நேரே பணம் தருவதில்லை. அக்குறையை இந்தக் கூட்டுறவு தீர்த்தது.

இதற்கிடையே பெருமானியம் ஒன்று வந்தது. 1985 டிசம்பரில் காங்கிரஸ் நூற்றாண்டு விழாவுக்குப் பம்பாய் வந்த பிரதமர் ராஜீவ் காந்தி, நகரின் வீட்டுவசதிக்காக 100 கோடி ரூபாய் அறிவித்தார். அதில் 37 கோடி தாராவிக்கென ஒதுக்கப்பட்டது. தொகை பெரிது, ஆனால் திட்டம் மேலிருந்து வந்தது. ஒரு பகுதி மக்கள் வெளியேற நேரும் என்ற அச்சம் எழுந்தது. கூட்டமைப்பினர் கூச்சலிட்டு நிற்கவில்லை. தாமே வீடுவீடாகச் சென்று மக்களை எண்ணினர். அவர்கள் கண்ட எண்ணிக்கை அரசினர் மதிப்பீட்டினும் மிகுதியாக இருந்தது. எண்ணப்படாதவனுக்குப் பங்கில்லை என்னும் உண்மையை அவர்கள் நன்குணர்ந்திருந்தனர்.

பின்னர், 1990களின் இறுதியில், தாராவியின் ராஜீவ் இந்திரா கூட்டுறவு வீட்டுச் சங்கத்துக்குச் சிட்டி வங்கி கடன் தந்தது. இங்கிலாந்தின் ஹோம்லெஸ் இன்டர்நேஷனல் அமைப்பு அக்கடனுக்குப் பிணை நின்றது. நன்கொடைப் பணம் இங்கே பிச்சையாக வரவில்லை. வங்கியின் கதவைத் திறக்கும் சாவியாக வந்தது என்பதை நேயர்கள் கருதிப் பார்க்க வேண்டும். 1996இல் பல நாட்டுக் குடிசைவாழ் மக்களின் உலகக் கூட்டமைப்பு உருவாயிற்று. 2000இல் ஜோக்கின் மகசேசே விருது பெற்றார். 2007இல் கேட்ஸ் அறக்கட்டளை அவ்வுலக அமைப்புக்கு 1 கோடி டாலர் வழங்க முன்வந்தது. காசு சேர்த்துக் கணக்கு எழுதிப் பழகிய கைகளை நம்பியே அத்தொகை வந்தது. 2018 அக்டோபரில் ஜோக்கின் மறைந்தார்.

இன்று நிலைமை மாறியுள்ளது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020இல் செய்யப்பட்ட திருத்தம், ஒரு நிறுவனம் தான் பெற்ற வெளிநாட்டுப் பணத்தை மற்றொரு நிறுவனத்துக்குப் பகிர்ந்தளிப்பதைத் தடை செய்தது. பெரிய மரத்தின் நிழலில் வளர்ந்த சிறு செடிகளுக்கு அந்த நீர் நின்றுபோயிற்று. இன்னொருபுறம், தாராவி மறுசீரமைப்புக்காக 2024 மார்ச்சில் வீடுவீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. யார் தாராவியிலேயே வீடு பெறுவர், யார் வேறிடம் அனுப்பப்படுவர் என்பது ஒவ்வொரு குடும்பமும் காட்டும் சான்றுகளைப் பொறுத்தது. மனு எழுதவும் ஆவணம் திரட்டவும் துணைநிற்கும் சிறு குழுக்களின் தேவை முன்னினும் இப்போது பெருகியுள்ளது.

அன்பர்களே! சந்தாவாலும் ரசீதுப் புத்தகத்தாலும் உயிர்வாழும் நம் போன்ற தமிழ்ச் சங்கங்கள், சிறு அமைப்பின் இடர்ப்பாட்டை உள்ளிருந்து அறிந்தவை. மேடைக்கும் மாலைக்கும் செலவிடும் தொகையில் ஒரு சிறு பங்கை ஆண்டுதோறும் அத்தகைய குழுக்களுக்கென ஒதுக்கலாம். அவ்வாறு கொடுக்கும்போது மூன்று நெறிகளைப் பேணுவோம்: மக்கள் தாமே சேர்த்த காசு முதலில் இருக்கட்டும், நம் பணம் அதன்மேல் சேரட்டும், செலவை முடிவு செய்யும் உரிமை அவர்களிடமே நிற்கட்டும். சிறு துளி பெரு வெள்ளம் என்பர் நம் முன்னோர். அத்துளி அவர்கள் மண்ணிலேயே ஊறட்டும்.