புதிய கைத்தொலைபேசி: முதல் ஏழு நாட்களில் பார்க்க வேண்டியவை

ஹேவாஹெட்ட பக்கத் தோட்டங்களில் போனில் குரல் விட்டுவிட்டுக் கேட்டால் நாங்கள் "சிக்னல் இல்லை" என்போம். மலை மறைக்கிறது, மழை பெய்கிறது என்று காரணமும் சொல்வோம். அந்தப் பழக்கம்தான் என்னை ஏமாற்றியது.

கண்டியில் ஒரு கடையில் புதிய போன் வாங்கினேன். 1977 வன்செயலுக்குப் பின் தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சிக்குப் போன பெரியம்மாவுடன் முகம் பார்த்துப் பேசத்தான் அதை வாங்கினேன். 2009இல் எல்லாவற்றையும் இழந்தவர் அவர். "தம்பி, உன் குரல் கிணத்துக்குள்ள இருந்து கேக்குது" என்றார். சிக்னல்தான் என்றேன். ஒன்பதாம் நாள் தங்கையின் பழைய போனில் என் சிம்மைப் போட்டு அதே இடத்தில் நின்று பேசினேன். குரல் தெளிவாகக் கேட்டது. பழுது புதிய போனின் மைக்கில் இருந்தது. மாற்றிக் கொடுப்பதற்கான கடையின் கெடு ஏழு நாள். அது முடிந்திருந்தது. உத்தரவாதத்தின்படி திருத்தித் தந்தார்கள்தான். ஆனால் அதற்கு மூன்று கிழமை சென்றது. இரண்டு முறை வேலையை விட்டுவிட்டுக் கண்டிக்குப் போய்வர வேண்டியிருந்தது.

அதே நிலை உங்களுக்கு வராதிருக்க, நான் தாமதமாகக் கற்றதை எழுதுகிறேன்.

கடையிலேயே

பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுப்பது வியாபாரியின் சட்டக் கடமை. மாற்றும் கெடு கடைக்குக் கடை வேறுபடும். எத்தனை நாள், மாற்றுப் போனா பணமா என்பதைச் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ அச்சிட்டிருந்தால் வாசித்துக் காட்டச் சொல்லத் தயங்க வேண்டாம்.

*#06# என்று அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ எண் வரும். இரண்டு சிம் போனில் இரண்டு எண்கள் வரும். பெட்டியிலும் சீட்டிலும் அதே எண் இருக்க வேண்டும். பின்னர் ஐ.எம்.ஈ.ஐ என்பதை ஆங்கில எழுத்தில் அடித்து, இடைவெளி விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் அது பதிவானதா என்று பதில் வரும்.

வீட்டில்

குரல்: சாதாரண அழைப்பு, ஸ்பீக்கர், வட்ஸ்அப் வீடியோ மூன்றிலும் பேசிப் பாருங்கள். பல போன்களில் ஒன்றுக்கு மேற்பட்ட மைக் உண்டு. ஒன்று வேலை செய்து மற்றது செய்யாமல் இருக்கலாம். உங்கள் குரலைப் பதிவுசெய்தும் கேளுங்கள்.

சிக்னல்: அதே சிம், அதே இடம், வேறு போன். மலைநாட்டில் இதைவிட நல்ல பரிசோதனை இல்லை. இரண்டு சிம் இடங்களிலும் செய்யுங்கள்.

திரை: முழு வெள்ளை, முழுக் கறுப்புப் படங்களைத் திறந்து புள்ளி, கோடு தெரிகிறதா பாருங்கள். ஒரு ஐகனை விரலால் பிடித்துத் திரை முழுவதும் இழுங்கள். நடுவில் விட்டுப்போனால் அந்த இடத்தில் தொடுதிரை பழுது. சம்சுங் போன்கள் பலவற்றில் *#0*# அழுத்தினால் பரிசோதனைப் பட்டியலே திறக்கும்.

பற்றரி: இரவில் முழுதாகச் சார்ஜ் செய்து, டேட்டாவை நிறுத்தி வையுங்கள். காலையில் சில வீதமே குறைந்திருக்க வேண்டும். சார்ஜ் வயர் ஆடினால் துண்டிக்கிறதா, சும்மா இருக்கும்போதே சுடுகிறதா என்றும் பாருங்கள். 2016இல் சம்சுங் நிறுவனம் நோட் 7 போனை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது பற்றரி தீப்பற்றியதால்தான். அளவுக்கு மீறிய சூட்டைப் பொறுத்துக்கொள்ளாதீர்கள்.

கமரா: முன், பின், பிளாஷ், ஒலியுடன் வீடியோ. கூடவே வைபை, புளூடூத், கைரேகை, பொத்தான்கள்.

பழுது தெரிந்தால் மென்பொருளைப் புதுப்பித்து ஒருமுறை மீண்டும் பாருங்கள். சில குறைகள் அதிலேயே போய்விடும்.

திருப்பிக் கொடுக்கும்போது

பழுதை இன்னொரு போனில் வீடியோ எடுங்கள். படங்களைப் பிரதி எடுத்த பின், கூகுள் கணக்கை நீக்கி, போனிலுள்ளவற்றை அழியுங்கள். பெட்டி, சார்ஜர், சீட்டு எல்லாம் சேர்ந்தே போகட்டும். வெளியில் எவரிடமும் திறக்கக் கொடுக்க வேண்டாம்.

கடை மறுத்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டும். தமிழிலேயே எழுதலாம். அவர்களின் தொலைபேசி இலக்கம் 1977. எங்களுக்கு அது மறக்கக்கூடிய எண் அல்ல.

ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் காணிக்கும் அடையாள அட்டைக்கும் அலைந்தவர்கள் நாங்கள். அதனால் பற்றுச்சீட்டைப் பெட்டிக்குள் விடாமல், அடையாள அட்டையோடு வையுங்கள். ஒரு படமும் எடுத்து உறவினர் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். என் சீட்டின் படம் இப்போது பெரியம்மாவிடம் கிளிநொச்சியில் இருக்கிறது.