மூன்றாம் இடத்தில் ஒரு ஊர்

செர்பியாவின் கிழக்கில், டான்யூப் கரையில் இருக்கும் சின்ன ஊர் தோன்யி மிலானோவாத்ஸ். இப்ப இருப்பது அதன் மூன்றாவது இடம்.

முதலில் இந்த ஊர்க்காரர்கள் பொரேச் என்ற ஆற்றுத்தீவில் இருந்தார்கள். பிற்காலத்தில் பெரிய கப்பல் வணிகரான மிஷா அனஸ்தாசியெவிச் 1803-இல் பிறந்தது அங்கேதான். வெள்ளத்தொல்லையால் 1830 வாக்கில் கரைக்குக் குடியேறினார்கள். இளவரசர் மிலோஷின் மகன் மிலான் பெயர் ஊருக்கு வந்தது.

1972-இல் யுகோஸ்லாவியாவும் ருமேனியாவும் சேர்ந்து இரும்பு வாயில் அணையைக் கட்டி முடித்தன. அதற்காக ஊர் மறுபடி மாறியது. பக்கத்திலுள்ள லெபென்ஸ்கி வீரை 1965-லிருந்து அவசரமாகத் தோண்டினார்கள். கிடைத்தது, சுமார் 8000 வருஷம் முந்தைய மீனவர் குடியிருப்பு. அதைப் பெயர்த்து மேட்டில் வைத்துக் காப்பாற்றினார்கள்.

முந்தாநாள் வரை அடுப்பெரிந்த வீடுகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவை தண்ணிக்குள் போயிடுச்சு.