ராத்திரிப் பால்

தங்கை கல்யாணத்துக்குப் பட்டெடுக்கக் காஞ்சிபுரம் போவதாக முடிவானது. ஒரே நாளில் போய்வரலாம்தான். ஆனால் கூட நாலு வயதில் ஒன்று, பதினோரு மாதத்தில் ஒன்று. பட்டுக்கடையில் ஒரு பகல் முழுக்கப் புடவை விரிப்பார்கள். குழந்தைகள் தாங்காது. ஒரு ராத்திரி தங்கிவிடலாம் என்று போனில் அறை தேட ஆரம்பித்தேன்.

'குடும்பங்களுக்கு ஏற்றது' என்ற கட்டத்தை டிக் செய்ததும் பட்டியல் பாதியாகச் சுருங்கியது. "ஏசி இருக்கு, லிஃப்ட் இருக்கு, பிள்ளைங்க விளையாட இடம்கூட இருக்கு" என்று அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன்.

"அதெல்லாம் இருக்கட்டும்டா. ராத்திரி ரெண்டு மணிக்குப் புள்ள அழுதா பால் காய்ச்சித் தர ஆள் இருக்கா, அதக் கேளு."

அதற்கு எந்தத் தளத்திலும் கட்டம் இல்லை. மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் எனக்கு அது உறுத்தியது. கட்டங்களை வடிவமைத்தவர்களுக்குத் தோன்றாத கேள்வி அம்மாவுக்கு எப்படி முதல் கேள்வியாக வந்தது? தேடிப் பார்த்தால், இந்த ஊர்ப் பாதையில் அது மிகப் பழைய கேள்வி.

காஞ்சிக்கு வழி சொல்லும் பழைய நூல் ஒன்று நம்மிடம் இருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, 500 அடி. பசித்த சுற்றத்தோடு திரியும் பாணனிடம், காஞ்சியில் இருக்கும் தொண்டைமான் இளந்திரையனைப் போய்ப் பார் என்று இன்னொரு பாணன் சொல்கிறான். நாம் பள்ளியில் இதை மன்னன் புகழாகப் படித்தோம். குடும்பத்தோடு பயணம் போகிறவன் கண்ணால் படித்தால் இது 'எங்கே தங்கினால் என்ன கிடைக்கும்' என்ற கையேடு. ஆயர் குடியிருப்பில் தினைச்சோறு பாலோடு கிடைக்கும். முல்லை நிலத்து ஊர்களில் வரகுச்சோறும் அவரைப் பருப்பும். உழவர் ஊருக்கு வரும்போது புலவர் குழந்தைகள் பக்கம் திரும்புகிறார். தச்சர் வீட்டுப் பையன்களும் ஆசைப்படும்படி செய்த சின்னத் தேரை, ஏறி ஓட்ட முடியாத விளையாட்டுத் தேரை, உருட்டித் திரிந்து கால் ஓய்ந்த பிள்ளைகள், செவிலியிடம் பால் குடித்துவிட்டுப் படுக்கையில் தூங்குகிறார்கள். அப்படிப்பட்ட வீடுகள் இருக்கும் ஊரில் தங்கு என்கிறது பாட்டு. பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்கும் இடம் வந்தவர்களுக்கும் நல்ல இடம். ஒரு விடுதியைப் பற்றி இதைவிடத் தெளிவான மதிப்புரையை நான் வாசித்ததில்லை.

அங்கே விருந்தோம்பியவை ஊரும் வீடுகளும். பின்னால் அந்த வேலைக்கென்றே கட்டடங்கள் எழுந்தன. அவற்றைச் சத்திரம் என்றோம். முக்தி தரும் ஏழு நகரங்களில் ஒன்றாகக் காஞ்சியைச் சொல்வார்கள். வடக்கிலிருந்து ராமேஸ்வரம் போகிறவர்கள் இங்கே கும்பிட்டுவிட்டுத் தெற்கே நடந்தார்கள். அவர்களில் கைக்குழந்தைக்காரிகளும் நிறைமாதக்காரிகளும் இருந்திருக்க வேண்டும். அவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதற்கு ஒரு ஆவணம் அதே பாதையில், தஞ்சாவூரில் இருக்கிறது.

1799 உடன்படிக்கையில் தஞ்சை நாட்டின் நிர்வாகம் கம்பெனியின் கைக்குப் போனது. இரண்டாம் சரபோஜி பேருக்கு மன்னர். ராமேஸ்வரம் சாலையில் அவர் முன்னோர் கட்டிய சத்திரங்களும் கைமாறுமோ என்ற நிலையில், 1801இல் கம்பெனியின் ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரங்களில் என்னென்ன நடக்கிறது என்று அதில் வரிசையாகச் சொல்கிறார். பிராமணர் முதல் பறையர் வரை வழிப்போக்கர் எல்லோருக்கும் சோறு. சமைத்ததை உண்ணாதவர்களுக்கு அரிசியும் மளிகையும். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் வரலாம் என்று அறிவிப்பு. நோயாளிக்கு மருந்தும் பத்தியச் சாப்பாடும். குழந்தைகளுக்குப் பால். கர்ப்பிணிக்குத் தனிக் கவனிப்பு. சத்திரத்திலேயே பிரசவம் ஆனால் செலவும் மருந்தும் சத்திரத்துடையது. அதன்பின் மூன்று மாதம்வரை அவள் அங்கேயே இருக்கலாம். வந்த இடத்தில் அனாதையாகிப்போன பிள்ளைகளை வாத்தியாரிடம் ஒப்படைத்து, சோறு, துணி, எண்ணெய்க் குளியல், படிப்பு எல்லாம் கொடுப்பார்கள்.

சரபோஜி சும்மா பெருமை பேசவில்லை. வருவாயைப் பிடித்துவைத்திருக்கும் அதிகாரியிடம், இந்தப் பணம் எதற்குப் போகிறது என்று கணக்குச் சொல்கிறார். சத்திர மானியத்தை வெட்டினால் முதலில் வெட்டுப்படுவது ஒரு குழந்தையின் பால். வாதம் எடுபட்டது. சத்திரங்கள் அவர் பொறுப்பில் நின்றன. 1802இல் ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் பெயரில் புதிதாக ஒன்றும் எழுந்தது.

இதோடு நிறுத்தினால் 'அந்தக் காலம் மாதிரி வருமா' என்று முடித்துவிடலாம். முடியவில்லை. எல்லோருக்கும் சோறு என்பதும் எல்லோருக்கும் ஒரே பந்தி என்பதும் வேறு வேறு. இளைஞராகக் காசிக்குப் போன ஈ.வெ. ராமசாமி, பசியோடு சத்திர வாசலில் தடுக்கப்பட்டார். பிராமணர்களுக்கு மட்டும்தான் சாப்பாடு. அதைக் கட்டிக் கொடுத்தவரோ தெற்கிலிருந்து போன பிராமணரல்லாத வணிகர். அவருடைய வாழ்க்கை வரலாறுகள் தவறாமல் சொல்லும் சம்பவம் இது. பிறகு, காங்கிரஸ் நன்கொடை வாங்கிய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி என்று தெரிந்து தமிழ்நாடே கொதித்தது. பெரியவர்கள் பந்தியைப் பற்றி அல்ல, உண்டு உறங்கிப் படிக்க வந்த சிறுவர்களின் பந்தியைப் பற்றிய சண்டை அது. அந்தச் சூடு தணியாத 1925 நவம்பரில்தான் திரு.வி.க. தலைமையில் காஞ்சிபுரத்தில் காங்கிரஸ் மாநாடு கூடியது. வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்துக்கு இடமில்லை என்றானதும் பெரியார் வெளியேறினார். தமிழக அரசியல் அன்று இந்த ஊரில் திரும்பியது.

1950இல் அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு, சாதி மதம் காட்டி ஓட்டல்களில் யாரையும் தடுக்கக்கூடாது என்றது. 1955 தீண்டாமைக் குற்றச் சட்டம் தர்மசாலையையும் சராயையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. தங்குமிடத்தின் வாசல் அவ்வளவு பெரிய பிரச்சினையாக இருந்திருக்கிறது.

ஆக, நம் பழைய சத்திரம் ஒரு விஷயத்தில் இன்றைய லாட்ஜை ஜெயிக்கிறது, ஒரு விஷயத்தில் தோற்கிறது. ராத்திரி பால் கொடுக்கத் தெரிந்திருந்தது. வாசலில் ஆள் யாரென்று கேட்காமல் இருக்கத் தெரியவில்லை. லாட்ஜ்காரருக்கு ஆதார் அட்டையும் பணமும் போதும், சாதி வேண்டாம். அது சின்ன விஷயமில்லை. ஆனால் பால் மெனுவிலிருந்து போய்விட்டது. இரண்டும் ஒரே இடத்தில் கிடைப்பதைத்தான் 'குடும்பங்களுக்கு ஏற்றது' என்று நான் சொல்வேன்.

கட்டங்களை மூடிவிட்டு போனில் பேச ஆரம்பித்தேன். வெந்நீர் எத்தனை மணிவரைக்கும் வரும்? தரைத்தளத்தில் அறை இருக்கா? ஜன்னலுக்குக் கம்பி உண்டா? ராத்திரி பால் காய்ச்ச முடியுமா? இரண்டு இடங்களில் "கிச்சன் பத்தரைக்குக் குளோஸ் சார்" என்றார்கள். ஒரு சமூகத்தார் நடத்தும் மண்டபத்தில் பால் உண்டு, அடுப்பே தருகிறோம் என்றார்கள். மனசு லேசானது. அடுத்த கேள்வி அவர்களிடமிருந்து வந்தது. "நீங்க எந்த ஆளுங்க தம்பி?"

போனை வைத்துவிட்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

நாலாவதாக ஒரு சின்ன லாட்ஜ். எடுத்தவர் யோசித்துவிட்டுச் சொன்னார். "கிச்சன் இல்ல சார். ஆனா வாட்ச்மேன் கிட்ட ஒரு மின்சார அடுப்பு இருக்கு, அவரு டீ போட்டுக்குவாரு. பாலை மட்டும் வாங்கிக் குடுத்துடுங்க, எப்ப வேணும்னாலும் எழுப்புங்க."

"அங்கயே போடு" என்றார் அம்மா.